கூப்பன் அரிசி: 1942 – 1979

கூப்பன் அரிசி யுத்தத்துக்குப் பிறந்த பிள்ளை. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் கொழும்புக்கு வந்துகொண்டிருந்த ரங்கூன் அரிசி நின்றுபோனது. ஏப்ரல் 5-ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் குண்டு விழுந்தது. தீவில் விளைந்த நெல் தீவுக்குக் காணாது. இருக்கிற அரிசியை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கொடுப்பதைத் தவிர பிரித்தானிய ஆட்சிக்கு வேறு வழியில்லை. யுத்தம் முடியும்வரை என்று பிறந்தது 37 வருடம் வாழ்ந்தது. சுதந்திரத்தைக் கண்டது. ஒரு பிரதமரையும் ஒரு நிதியமைச்சரையும் பதவி விலக வைத்தது. 1979 செப்டெம்பரில் உணவு முத்திரை வந்தபோது அதன் கணக்கு முடிந்தது.

அதற்கு ஓர் இரங்கல் எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக மனதில் கிடந்தது. வயதாகி இயல்பாகப் போன திட்டம் அல்ல அது. ஒரு வாக்குறுதியைக் கொடுத்துத்தான் அதை எடுத்தார்கள். பொருளாதாரத்தைத் திறந்துவிட்டால் எல்லோருக்கும் வேலை வரும், வேலை வந்தால் சம்பளம் வரும், சம்பளம் வந்தால் அரசாங்கத்தின் அரிசி எதற்கு என்று கேட்டார்கள். கொழும்பின் மாளிகாவத்தை அந்த வாக்குறுதியோடு நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்து பார்த்திருக்கிறது. ஆகவே இந்தக் கதையை இங்கிருந்து சொல்வதுதான் முறை.

கூப்பன் கடையைக் காணாதவர்களுக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கூப்பன் புத்தகம். அவற்றை ஒரு கடையில் பதிந்திருப்பார்கள். அது சங்கக்கடையாக இருக்கும், அல்லது அனுமதி பெற்ற தனியார் கடையாக இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் புத்தகங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, துணிப் பையோடு பெரும்பாலும் பிள்ளைகளை அனுப்புவார்கள். கடைக்காரர் புத்தகத்தைத் திறந்து அந்த வாரத்துக் கூப்பனைக் கத்தரிக்கோலால் வெட்டித் தகரப் பேணியில் போடுவார். பிறகு சாக்குக்குள் கொத்தை இறக்கி அள்ளி, வாயை ஒரு தடியால் வழித்து, பையில் கொட்டுவார். ஒரு கொத்து இரண்டு றாத்தல். அந்தத் தடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் பெண்களின் கண் இருக்கும். கொஞ்சம் அழுத்தி வழித்தால் ஒரு பிடி குறையும். ஒரு பிடி என்பது ஒரு பிள்ளையின் இரவுச் சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் சுளகில் போட்டுப் புடைத்துக் கல் பொறுக்க வேண்டும். சில வாரம் அரிசியில் பழைய சாக்கு மணம் இருக்கும். நல்ல அரிசி என்று யாரும் அதைப் புகழ்ந்ததில்லை. ஆனால் அது வராத வாரம் என்ற ஒன்று இல்லை.

அந்தக் கடையில் யாரிடமும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறாயா, ஏன் போகவில்லை, வீட்டில் எத்தனை அறை, கூரை என்ன கூரை என்றெல்லாம் கேள்வி கிடையாது. கறுவாத்தோட்டத்துப் பங்களாவுக்கும் புத்தகம் இருந்தது, ஒரே தண்ணீர்க் குழாயை நாற்பது குடும்பம் பாவித்த, தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நகரக் குடியிருப்பு வீட்டுக்கும் இருந்தது. மலையகத்து லயன்களில் வாக்குரிமை பறிக்கப்பட்டுக் கிடந்தவர்களுக்கும் அரிசிக் கூப்பன் இருந்தது. இந்த நாடு எல்லா மனிதரையும் ஒன்றாக எண்ணிய மிகச் சில இடங்களில் அது ஒன்று.

மாளிகாவத்தை போன்ற இடத்தில் அதன் பெறுமதி வேறு. கெத்தாராமவில் கிரிக்கெட் மைதானம் வருவதற்கு முந்தைய மாளிகாவத்தையைச் சொல்கிறேன். ஒரு பக்கம் ரயில் பாதை, ஒரு பக்கம் மையவாடி, இடையில் சதுப்பும் தோட்ட வீடுகளும். ஆண்களில் பலர் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை செய்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. லொறி வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. மழைக்கும் வேலை இல்லை, பெருநாள் கழிந்த வாரத்திலும் இல்லை, முதுகு பிடித்துக்கொண்டால் ஒரு மாதம் இல்லை. மற்றவர்கள் தள்ளுவண்டி, மேசன் கையாள், தையல், பழைய இரும்பு, பழைய போத்தல் என்று இருந்தார்கள். இப்படிப்பட்ட உழைப்பாளிக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். நாட்டாமி வேலையில் முப்பது வருடம் முதுகைத் தேய்த்த ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “வேல இல்லாட்டியும் வீட்டுல சோறு ஈந்திச்சி, மகன். அதனால அவன் சொன்ன கூலிக்கெல்லாம் நாங்க தூக்கல்ல.”

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தில் பொருளாதாரத்தின் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. போலந்துப் பொருளியலாளர் மிக்கால் கலெட்ஸ்கி 1943-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். எல்லோருக்கும் வேலை கொடுக்கும் வழி அரசாங்கங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எல்லோருக்கும் வேலை நிரந்தரமாகக் கிடைத்துவிட்டால் வேலையை விட்டு நீக்குவேன் என்ற மிரட்டலுக்கு வலுவில்லாமல் போகும், முதலாளிகள் அதை விரும்பமாட்டார்கள் என்றார். கதவுக்கு வெளியே நாலு பேர் காத்து நின்றால்தான் உள்ளே இருப்பவர் வாய் திறக்கமாட்டார். வீட்டில் உலை கொதிக்கும் என்ற நம்பிக்கை இருந்தால், வெளியே நிற்பவரும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார். கூப்பன் அரிசி கோடிக்கணக்கான ரூபா செலவு வைத்தது உண்மை. அதன்மேல் சிலருக்கு இருந்த கோபத்துக்குக் காரணம் செலவு மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

அதைக் கொல்லும் முதல் முயற்சி 1953-இல் நடந்தது. கொரிய யுத்தத்தால் ஏறியிருந்த இறப்பர் விலை விழுந்துவிட்டது, அரிசி விலை ஏறிவிட்டது, கஜானா காலி. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன, கொத்து 25 சதமாக இருந்த அரிசியை 70 சதமாக்கினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் 12-ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. கடைகள் பூட்டப்பட்டன, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, பஸ்கள் நின்றன, துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் இறந்தார்கள். அமைச்சரவை தரையில் கூடப் பயந்து, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாண்ட் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 45 சத உயர்வுக்கு ஒரு நாடு எழும்பி நின்றது என்றால், அந்த அரிசியில்லாத வாழ்க்கையைச் சனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள் என்றுதான் அர்த்தம்.

அதன் பிறகு இருபது வருடம் எல்லாக் கட்சியும் அதைத் தொட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 1962-இல் பங்கைக் குறைக்கப் போன பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க நிதியமைச்சர் பதவியை இழந்தார். 1966 முடிவில் டட்லி அரசு இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கியது, ஆனால் அந்த ஒரு கொத்தை இலவசமாகவே கொடுத்தது. 1970-இல் சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து இரண்டாவது கொத்தைத் தருவோம் என்ற பேச்சோடு சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி வென்றது. கொடுக்கவும் செய்தது, காசுக்கு. 1973-இல் உலக விலை தாறுமாறாக ஏறியபோது அந்த இடதுசாரிக் கூட்டணியே பங்கை வெட்டியது. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது. 1974-இல் மலையகத் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். கூப்பன் குறைந்த இடத்தில் மரணம் கூடியது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டாம்.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும், இறந்தவர் என்பதற்காக மறைக்கக்கூடாது. கூப்பன் அரிசியின் பெரும் பகுதி இறக்குமதி. அதற்கு வெளிநாட்டு நாணயம் போனது, அந்தக் காசில் தொழிற்சாலை கட்டியிருக்கலாம் என்று சொன்னவர்கள் முட்டாள்கள் அல்ல. கேம்பிரிஜ் பொருளியலாளர் ஜோன் ரொபின்சன், முதலாளித்துவத்தின்மேல் அன்பு வைத்தவர் அல்லர். அவரே மரத்தை நடுமுன் இலங்கை பழத்தைத் தின்றுவிட்டது என்ற கருத்தைச் சொன்னார். கூப்பனை அடகு வைத்தவர்கள் இருந்தார்கள், செத்தவர் பெயரில் அரிசி எடுத்தவர்கள் இருந்தார்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கூப்பன் வயிற்றைப் பார்த்ததே தவிர வேலையைப் பார்க்கவில்லை. 1973-இல் மத்திய வங்கியின் கணக்கெடுப்பில் வேலையில்லாதோர் நூற்றுக்கு 24 பேர். அதற்கு இரண்டு வருடம் முன்னர்தான் படித்து வேலையில்லாத கிராமத்து இளைஞர்கள் துப்பாக்கி தூக்கிச் செத்திருந்தார்கள். டட்லி சீர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் அமைப்பின் குழு 1971-இல் வந்து இதையே ஆராய்ந்து அறிக்கை கொடுத்துவிட்டுப் போனது. சோறு இருந்தது, வேலை இல்லை. ஓர் இளைஞனுக்குச் சோறு மட்டும் போதாது.

ஆகவே 1977-இல் ஜே. ஆர். ஜயவர்தன வேலை தருகிறேன் என்றபோது சனங்கள் கேட்டதில் குற்றமில்லை. அந்தத் தேர்தல் மேடையில் அவர் அரிசியை எடுக்கப்போவதாகச் சொல்லவும் இல்லை. வாரத்துக்கு எட்டு றாத்தல் தானியம் தருவதாகத்தான் சொன்னார். வென்றபின் 1978 தொடக்கத்தில் முதல் வெட்டு விழுந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் இனி அரிசி. 36 வருடத்தில் முதல்தடவையாக, சோற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது: நீ ஏழையா? அடுத்த வருடம் அரிசியே போய், உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு மாதம் 25 ரூபா, பன்னிரண்டு வரை 20, அதற்கு மேல் 15. ஒரு கொத்து என்றைக்கும் ஒரு கொத்துதான். 15 ரூபா அப்படி அல்ல. விலை ஏறியது, முத்திரையின் தொகை ஏறவில்லை. சில வருடங்களில் அதன் வாங்கும் சக்தி ஏறக்குறைய பாதியானது. 1980-இல் புதிய பெயர்களைச் சேர்ப்பதையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வேலை இழந்தவருக்கோ, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை. மிக வறிய ஐந்திலொரு பங்கினர் உண்ட உணவின் கலோரி அளவு அந்த வருடங்களில் குறைந்ததை ஆய்வாளர்கள் பின்னர் அளந்து எழுதினார்கள்.

1953-இல் 45 சதத்துக்கு எழும்பிய நாடு 1979-இல் ஏன் எழும்பவில்லை? எழும்பியது. 1980 ஜூலையில் மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. ரயில் தொழிலாளர்கள் அதன் முன்வரிசையில் நின்றார்கள். சுமார் 40,000 பேரை அரசு ஒரேயடியாக வேலையை விட்டு நீக்கியது. எல்லோருக்கும் வேலை என்று சொல்லி வந்த ஆட்சி, சோற்றுக் காசு கேட்டவர்களின் வேலையைப் பறித்து அந்த வாக்குறுதியின் மறுபக்கத்தைக் காட்டியது. எங்கள் பக்கத்தில் ரயில்வேச் சம்பளத்தில் வாழ்ந்த வீடுகள் எத்தனையோ. அந்த வீடுகளில் அன்றைக்குக் கூப்பனும் இல்லை, சம்பளமும் இல்லை.

வேலை வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வந்தது. மத்திய வங்கியின் அதே கணக்கெடுப்பு 1981-82-இல் வேலையில்லாதோர் நூற்றுக்கு 12-க்கும் கீழ் என்று காட்டியது. 1973-இல் இருந்ததில் பாதி. கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது, மகாவலியில் அணைகள் எழுந்தன, கடைகளில் சாமான் நிறைந்தது. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகள் பெருகின, மாளிகாவத்தைப் பையன்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. அதே நேரத்தில் இறக்குமதித் துணி வந்து கைத்தறிகளை ஆயிரக்கணக்கில் நிறுத்தியது. சந்தை ஒரு கையால் கொடுத்ததையும் இன்னொரு கையால் எடுத்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் தோட்டங்களுக்கு வந்த பெரிய வேலை எது? சவூதி, குவைத், துபாய். ஆண்களுக்குச் சிலது, பெண்களுக்குப் பலது. 1985-இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கும் அளவுக்கு அந்தப் போக்கு பெருகியிருந்தது. இலங்கை மூலதனம் மாளிகாவத்தைப் பெண்ணுக்கு மாளிகாவத்தையில் வேலை உண்டாக்கவில்லை; வளைகுடாவின் எண்ணெய்க் காசு அவளை வேறொருவர் குசினிக்கு அழைத்தது. பால்குடி மறந்த பிள்ளையை உம்மும்மாவிடம் விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அனுப்பிய காசில் கூரை மாறியது, தங்கச்சிக்குக் கலியாணம் நடந்தது, நாட்டுக்கு டொலர் வந்தது. ஐம்பது வயதில் முழங்கால் தேய்ந்து திரும்பி வந்தபோது அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. வேலையில்லாதோர் புள்ளிவிவரத்திலும் அவர்கள் இல்லை. வேலை தேடாதவரை அந்தக் கணக்கு எண்ணுவதில்லை.

அரிசிக்குப் பிறகு வந்தவற்றை விரைவாகச் சொல்லலாம். எங்கள் கொழும்பு மத்திய தொகுதியின் மனிதரான ரணசிங்க பிரேமதாச 1989-இல் ஜனசவிய கொண்டுவந்தார். குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, அதில் 1,458 செலவுக்கு, 1,042 சேமிப்புக்கு. இரண்டு வருடத்தில் 25,000 ரூபா சேர்ந்ததும் அந்தக் குடும்பம் சொந்தக் காலில் நின்றுவிடும் என்பது எண்ணம். ஏழ்மை இரண்டு வருடத்தில் குணமாகும் நோய் என்று அவர் உண்மையிலேயே நம்பினார் என்று நினைக்கிறேன். 1992-இல் அவர் தொடக்கிய 200 ஆடைத் தொழிற்சாலைகள் கிராமங்களுக்குப் போயின. 1995-இல் சமுர்த்தி, 2023-இல் அஸ்வெசும. இந்த உதவித் திட்டங்கள் ஒவ்வொன்றும் பட்டியல் போட்டது. ஒவ்வொரு பட்டியலிலும் கட்சிக்காரர் நுழைந்தார், தகுதியானவர் தவறினார். அஸ்வெசும கணினியால் அளக்கிறது, ஆளைப் பார்த்து அல்ல என்றார்கள். மின்சாரப் பாவனையும் அதன் அளவுகோல்களில் ஒன்று. ஒரு மீற்றரில் மூன்று குடும்பம் வாழும் தோட்டத்தை எந்த அலகால் அளப்பது? பட்டியல் வெளியானபோது நாடு முழுவதிலும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன.

2020 மே 21-ஆம் திகதியை இங்கே சொல்லாமல் விட முடியாது. கொரோனா ஊரடங்கு. நாட்கூலிக்குப் போகும் சனத்துக்கு இரண்டு மாதமாக ஒரு சதம் கூலி இல்லை. அரசாங்கம் 5,000 ரூபா கொடுத்தது. அது ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள்? நோன்புப் பெருநாளுக்குச் சில நாள் முன்பு, மாளிகாவத்தையில் ஒருவர் தனிப்பட்ட முறையில் தர்மப் பணம் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுச் சனம் திரண்டது. நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். அன்று பலரும் சனங்களின் ஒழுங்கீனத்தைப் பேசினார்கள், கொடுத்தவரின் முன்யோசனை இல்லாமையைப் பேசினார்கள். ஸகாத் கொடுப்பது எங்கள் மார்க்கத்தில் கடமை, கொடுப்பவரை நான் பழிக்கமாட்டேன். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. கூப்பன் கடையிலும் வரிசை நின்றது. ஆனால் பின்னால் நின்றவருக்குத் தன் பங்கு தனக்கு உண்டு என்று தெரியும். தர்மத்துக்கு நிற்பவருக்கு அது தெரியாது. கதவு திறக்கும்போது முன்னால் இருந்தாக வேண்டும். அந்த மூன்று பெண்களும் முந்தியது அதற்காகத்தான்.

இலவச அரிசி கொடுத்தால் சனம் சோம்பேறியாகும், தொழில் வளராது என்பவர்கள் பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்க்கட்டும். 1997-இல் இந்திய மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு அதை ஏற்கவில்லை; எல்லோருக்குமான ரேஷனை வைத்துக்கொண்டது. 2011-இலிருந்து அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். அதே தமிழ்நாட்டில்தான் இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ரேஷன் அரிசி வாங்கிய வீட்டுப் பெண்கள்தான் திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலைக்குப் போகிறார்கள். இலண்டனில் வில்லியம் பெவரிஜ் தன் அறிக்கையை வெளியிட்டதும், எங்கள் கூப்பன் பிறந்த அதே 1942-இல்தான். சமூகப் பாதுகாப்பும் எல்லோருக்குமான வேலையும் சேர்ந்தே நிற்க வேண்டும், ஒன்றைக் காட்டி மற்றதை எடுக்கக்கூடாது என்பது அவருடைய நிலை. எங்கள் நாடு முதல் முப்பது வருடம் வேலையை மறந்தது, பிறகு வேலையைக் காட்டி அரிசியை எடுத்தது.

சந்தை எவ்வளவு செழித்தாலும் அதனால் வேலை கொடுக்க முடியாதவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். பாரிசவாதம் வந்து படுத்த மேசன். நடக்க முடியாத பிள்ளையை விட்டு நகர முடியாத தாய். கணவர் இறந்து இத்தாக் காலத்தில் வீட்டோடு இருக்கும் விதவை. குவைத்திலிருந்து திரும்பிய முழங்கால்காரி. 2022-இல் எரிபொருள் இல்லாமல் முச்சக்கரவண்டியை வீட்டுக்கு முன்னால் நிறுத்திவைத்திருந்தவன்கூட அந்த மாதங்களில் இந்த வரிசையில்தான் நின்றான், நேற்றுவரை அவனுக்கு வேலை இருந்தது.

காசு எங்கே என்று கேட்பார்கள். கேட்கட்டும், கணக்குப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு, ஆளுக்கு இரண்டு கொத்து வீதம், வாரம் இருபது றாத்தல். மாதத்துக்கு ஏறக்குறைய 39 கிலோ. 2024 முடிவில் அரசு நிர்ணயித்த நாட்டரிசி விலை கிலோ 230 ரூபா. மொத்தம் சுமார் 9,000 ரூபா. 2025-இலிருந்து அஸ்வெசுமவில் வறிய குடும்பம் என்ற பிரிவுக்குக் கொடுப்பது மாதம் 10,000 ரூபா. அதாவது பட்டியலில் ஏறிய குடும்பத்துக்கு அந்த அரிசியின் பெறுமதியை அரசு இன்றும் கொடுக்கிறது. பட்டியலில் ஏறாதவருக்குத்தான் ஒன்றுமில்லை. இரண்டு கொத்து எல்லோருக்கும் என்றால் செலவு தாங்காது என்று திறைசேரி சொல்லுமானால், ஆளுக்கு ஒரு கொத்து, இலவசம், விசாரணை இல்லாமல், விலாசம் மட்டும் போதும் என்று வைக்கலாம். 1966-இல் டட்லியின் ஐக்கிய தேசியக் கட்சி அரசே கொடுத்த அளவு அது. அங்கிருந்து தொடங்கட்டும்.